வலசை திரும்புற பறவைங்களோட கடைசி தேதியை பிடிக்கிறது எப்படி: பிப்ரவரி கடைசியிலேர்ந்து ஜூன் வரைக்கும் முழு வழிகாட்டி

பொங்கல் பறவை கணக்கெடுப்பு முடிஞ்சு, பிப்ரவரியில வர்ற நாலு நாள் கணக்கெடுப்பும் முடிஞ்சதும் நம்ம ஊர்ல பாதிப் பேர் பைனாகுலரை பீரோக்குள்ள வெச்சிடுறாங்க. வெயில் ஏறுது, சீசன் முடிஞ்சுதுன்னு ஒரு நெனப்பு. உண்மையில அப்பதான் பாதி சீசன் ஆரம்பிக்குது. வந்த பறவைங்க எல்லாம் திரும்ப கெளம்புற நேரம் மார்ச், ஏப்ரல், மே முதல் வாரம்.

வந்த தேதியை பிடிக்கிறது சுலபம், ஒரு நாள் கண்ணுல பட்டா போதும். போன தேதி அப்படி இல்ல. இன்னைக்கு பாத்ததுதான் கடைசின்னு இன்னைக்கு நமக்கு தெரியாது, அதுக்கப்புறம் ரெண்டு மூணு தடவ அதே இடத்துக்குப் போய் இல்லைன்னு பாத்தாத்தான் தெரியும். அதனால இந்த வேலை முழுக்க "இல்லை"ன்னு பதிவு பண்றதுல தான் நிக்குது. புதுசா வர்றவங்க தடுமாறுறதும் சரியா இந்த எடத்துல தான், நான் கூட்டிட்டுப் போன பல பேர்கிட்ட திரும்பத் திரும்ப பாத்திருக்கேன். செங்கல்பட்டு பக்கத்து ஏரிகளும் கேளம்பாக்கம் கழிவெளியும் தான் என்னோட ஏரியா, அதை வெச்சுத்தான் எழுதுறேன், ஆனா வரிசை எந்த ஊருக்கும் பொருந்தும்.

1. கெளம்புறதுக்கு முன்னாடி என்னென்ன வேணும்

8x42 பைனாகுலர் ஒண்ணு. 10x வாங்கினா இன்னும் கிட்டக்க தெரியும்னு நெறைய பேர் அதுக்குப் போறாங்க, ஆனா கை ஆடுற ஆட்டமும் அதே அளவுக்கு பெருசாத் தெரியும், ஏரிக் காத்துல ரொம்ப நேரம் பிடிச்சு நிக்க முடியாது. ஸ்கோப் (ஸ்டாண்டுல வெச்சுப் பாக்குற தொலைநோக்கி) இருந்தா நல்லது, இல்லாட்டியும் இந்த வேலை நடக்கும்.

போன்ல ஈபேர்ட் ஆப், பாத்த பறவையை எடம், தேதி, எண்ணிக்கையோட லிஸ்ட்டா பதிவு பண்றதுக்கு. வீட்ல வைஃபை இருக்கும்போதே உங்க பகுதிக்கான பேக்கை டவுன்லோட் பண்ணிடுங்க. ஏரிக்கரையில சிக்னல் இல்லைன்னா இடப்பட்டியலும் வராது, பறவைப் பட்டியலும் சரியா வராது. அப்புறம் வீட்டுக்கு வந்து ஞாபகத்துல இருந்து போட்டுக்கலாம்னு விட்டா எண்ணிக்கை எல்லாம் சுமாரா ஆயிடும்.

ஒரு சின்ன நோட்டு, பென்சில். ஆப் இருக்கும்போது நோட்டு எதுக்குன்னு கேப்பீங்க. தண்ணி எங்க வரைக்கும் இருந்துச்சு, சேறு எந்தப் பக்கம் வெளிய தெரிஞ்சுது, யாராவது வலை போட்டாங்களா, இதையெல்லாம் எழுத ஆப்ல தனிக் கட்டம் கெடையாது. 10ஆவது படியில இது தான் உங்களைக் காப்பாத்தும்.

தொப்பி, ரெண்டு லிட்டர் தண்ணி. ஏப்ரல்ல எட்டரை மணிக்கெல்லாம் தலை கிறுகிறுக்க ஆரம்பிச்சிடும், அதை லேசா எடுத்துக்காதீங்க.

2. ஒரே ஒரு நீர்நிலையைத் தேர்ந்தெடுங்க, வீட்டுக்குக் கிட்டக்க

இதுல தான் முதல் தப்பு. புதுசா வர்றவங்க இந்த வாரம் பள்ளிக்கரணை, அடுத்த வாரம் பழவேற்காடு, அதுக்கு அடுத்த வாரம் வேடந்தாங்கல்னு சுத்துவாங்க. பறவை நெறைய பாக்கலாம், சந்தோஷம் தான். ஆனா மூணு எடத்துலயும் ஒவ்வொரு தடவ போயிட்டு எந்த எடத்துல எது எப்ப கெளம்புச்சுன்னு சொல்ல முடியாது.

வாரத்துக்கு ஒரு தடவ, கஷ்டப்படாம, பெட்ரோல் பத்தி யோசிக்காம போக முடியுற எடமா இருக்கணும். பெரிய சரணாலயம் தேவையில்ல. உங்க ஊர் ஏரியே போதும், ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் சேறு, கரையில நாலு கருவேல மரம் இருந்தா அது முதல் தரம்.

வேடந்தாங்கல் பத்தி தனியா ஒரு வார்த்தை. அங்க கூடு கட்டுற கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, சங்குவளை நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன் எல்லாம் நம்ம நாட்டுலயே இனப்பெருக்கம் பண்ற பறவைங்க. குஞ்சு பெருசாகி அதுங்க கலைஞ்சு போறது வேற கணக்கு. வடக்க சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் திரும்புறது வாத்து, உள்ளான், ஆலா, வாலாட்டி மாதிரி பறவைங்க. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு "வெளிநாட்டுப் பறவைகள் கெளம்பிடுச்சு"ன்னு எழுதுறத நிறுத்தணும்.

3. பிப்ரவரி கடைசி வாரத்துல ஒரு அடிப்படைக் கணக்கு

கெளம்பிப் போறதக் கவனிக்கணும்னா என்ன இருந்துச்சுன்னு முதல்ல தெரியணும். பிப்ரவரி கடைசியில ரெண்டு தடவ போய் இருக்கிறது எல்லாத்தையும் எண்ணி வெச்சுக்குங்க. ஊசிவால் வாத்து 120 இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் மார்ச் நடுவுல 15 ஆனது சேதி. இந்தக் கணக்கு இல்லாம மார்ச்சுல நேரா ஆரம்பிக்கிறவங்க "வாத்தே இல்ல"ன்னு எழுதுவாங்க, அந்த வருஷம் வந்துச்சா வரலையான்னே தெரியாது.

4. பத்துப் பன்னிரண்டு பறவையை மட்டும் குறி வைங்க

லிஸ்ட்ல எல்லாத்தையும் போடணும், அது கீழ வருது. ஆனா கடைசி தேதிக்காக கூர்ந்து தேடுறதுக்கு பன்னிரண்டு போதும், அதுக்கு மேல போனா கவனம் செதறும்.

தண்ணியில: ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி. இதுல ஊசிவாலும் தட்டைவாயனும் மார்ச்சுலயே மளமளன்னு கொறையும், நீலச்சிறகி ஏப்ரல்லயும் சில இருக்கும். சேத்து விளிம்புல: பொரி உள்ளான், கொசு உள்ளான், பச்சைக்காலி, கருவால் மூக்கன், பசிபிக் தங்க உப்புக்கொத்தி. வானத்துலயும் கம்பியிலயும்: தகைவிலான், மஞ்சள் வாலாட்டி. மரத்துல: பழுப்புக் கீச்சான், மாங்குயில். தோப்பு நெழல் இருக்கிற எடம்னா ஆறுமணிக்குருவியையும் சேத்துக்குங்க. அது கடல் தாண்டிப் போறதில்ல, மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போய் மழைக்காலத்துல கூடு கட்டும், ஆனா ஏப்ரல்ல நம்ம ஊரை விட்டுக் கெளம்புறது உண்மை.

எல்லாம் ஒரே நாள்ல போகாது. போய்ச் சேர வேண்டிய எடத்துல பனி எப்ப உருகுதுங்கிறத பொறுத்து கெளம்புற வரிசை அமையுது. ஆர்க்டிக் தூந்திரத்துல கூடு கட்டுற கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், தங்க உப்புக்கொத்தி எல்லாம் சீக்கிரம் போனா அங்க நிக்கவே எடம் இருக்காது, ஜூன்ல தான் அங்க தரை தெரியும். அதனால இதுங்க ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் வரைக்கும் நம்ம சேத்துலயே தின்னு கொழுத்துக்கிட்டு இருக்கும். இந்த ஒண்ணு மனசுல இருந்தா வாத்து போனதும் "எல்லாம் போச்சு"ன்னு வீட்ல உக்கார மாட்டீங்க.

5. நேரம், நிக்கிற பக்கம்

காலையில கிழக்குக் கரையில நில்லுங்க, சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். சாயங்காலம் மேற்குக் கரை. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா இத மாத்திச் செஞ்சா எல்லா உள்ளானும் கறுப்பு நெழலாத்தான் தெரியும், காலோட நெறம் தெரியாது. கால் நெறம் தெரியாம உள்ளானுக்குப் பேர் வெக்கிறது வீண் முயற்சி.

ஏப்ரல்ல ஆறு மணிக்கெல்லாம் நல்ல வெளிச்சம் வந்துரும், அஞ்சே முக்காலுக்கு கரையில இருங்க. ஒன்பது மணிக்கு மேல சேத்துக்கு மேல கானல் அலை எழும்ப ஆரம்பிக்கும், தூரத்துல இருக்கிறது எல்லாம் நெளியும், எவ்வளவு நல்ல பைனாகுலரா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

கழிவெளி, உப்பளம்னா ஓதம் பாத்துப் போங்க. தண்ணி ஏறும்போது சேறு மூடிடும், பறவைங்க எல்லாம் உப்பளப் பாத்தி வரப்புல ஒண்ணா ஒதுங்கி நிக்கும், எண்ணுறதுக்கு அதான் நல்ல நேரம். உப்பளம் பெரும்பாலும் யாரோ ஒருத்தரோட வேலை எடம், கேட்டுட்டு உள்ள போங்க. வேலை செய்யறவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க, நேத்து எந்தப் பாத்தியில கூட்டம் உக்காந்துச்சுன்னு அவங்களுக்கு நம்மளவிட நல்லாத் தெரியும்.

6. எண்ணுறது

பத்து பறவை எண்ணுங்க, அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு எடம் பிடிக்குதுன்னு பாருங்க, அதே அளவுல கூட்டத்தை துண்டு துண்டாப் பிரிச்சு எண்ணுங்க. வலமிருந்து இடம் ஒரு தடவ, இடமிருந்து வலம் ஒரு தடவ. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்தா அதான் எண்ணிக்கை.

எண்ண முடியலைன்னு எக்ஸ் போடுறது ரொம்ப சாதாரணமா நடக்குது. எக்ஸ்னா "இருந்துச்சு" மட்டும் தான். 300 இருந்ததுக்கும் எக்ஸ், 3 இருந்ததுக்கும் எக்ஸ்னு போட்டா கொறைஞ்சுக்கிட்டு வர்றது எங்கயுமே தெரியாது. தோராயமா 80ன்னு போடுறது எக்ஸை விட நூறு மடங்கு மேல்.

7. லிஸ்ட் போடுறது: பெரும்பாலான தப்பு இங்க தான்

முழு லிஸ்ட் போடுங்க. ஆப் கடைசியில ஒரு கேள்வி கேக்கும், அடையாளம் கண்ட எல்லாப் பறவையையும் போட்டுட்டீங்களான்னு. காக்கா, மைனா, புறா, மடையான் எல்லாம் போட்டுட்டு ஆமான்னு சொல்லணும். போன வருஷம் கூட வந்த ஒரு தம்பி ரெண்டு மாசம் ஒழுங்கா வாராவாரம் வந்தான், ஆனா வலசைப் பறவையை மட்டும் தான் போட்டிருக்கான். "காக்கா தான் எப்பவும் இருக்கேண்ணா, அத எதுக்குண்ணா போடணும்"னு கேட்டான். காக்காவுக்காக இல்ல. முழு லிஸ்ட்ல ஒரு பறவை பேர் இல்லைன்னா அது "தேடினேன், இல்லை"ன்னு அர்த்தம். அரைகுறை லிஸ்ட்ல இல்லைன்னா அதுக்கு அர்த்தமே இல்ல, போட மறந்திருக்கலாம், போட விருப்பம் இல்லாம இருந்திருக்கலாம். ஈபேர்ட்ல மாசத்த நாலாப் பிரிச்சு பச்சைக் கோடு காட்டுற வரைபடம் இருக்கு பாருங்க, அந்தக் கோட்டோட தடிமன் முழு லிஸ்டுல எத்தனைல அந்தப் பறவை வந்துச்சுங்கிறத வெச்சுத்தான் வருது. அவனோட ரெண்டு மாச உழைப்பு அந்தக் கோட்டுல சேரவே இல்ல, எனக்கு அன்னைக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. முதல் நாளே பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்திருக்கணும்.

ஒவ்வொரு தடவயும் ஒரே இடப்புள்ளி. அந்த ஏரிக்கு ஏற்கனவே ஹாட்ஸ்பாட் (ஆப்ல எல்லாருக்கும் பொதுவான இடப்புள்ளி) இருந்தா அதையே தேர்ந்தெடுங்க. இல்லைன்னா நீங்க ஒண்ணு போட்டு அதையே கடைசி வரைக்கும் வெச்சுக்குங்க. ஒரு வாரம் மதகு பக்கம், அடுத்த வாரம் கலங்கல் பக்கம்னு புதுப்புதுப் புள்ளியாக் குத்தினா ஒரே ஏரி நாலு இடமா ஆயிடும், சேத்துப் பாக்கவே முடியாது.

ஒரு லிஸ்ட் கால் மணி நேரத்துக்குக் கொறையாம, ஒரு மணி நேரத்துக்கு மேல போகாம இருக்கட்டும். நாள் பூரா சுத்திட்டு ஒரே லிஸ்ட்டா போட்டா எந்த எடத்துல எதப் பாத்தோம்னு கலந்து போயிடும். நின்ன எடத்துலயே நின்னு, முப்பது மீட்டருக்குள்ள நகந்தா அது ஸ்டேஷனரி. நடந்தா ட்ராவலிங். கரையில போய் அதே கரையில திரும்பி வந்தா தூரத்த ஒரு தடவ தான் கணக்குப் போடணும், ஆப் போக வர ரெண்டையும் சேத்துக் காட்டும், அதப் பாதியாக் கொறைச்சுடுங்க.

தெரியாததுக்குப் பேர் வெக்காதீங்க. கோரை உள்ளானும் ஊசிவால் உள்ளானும் பறந்து போற போக்குல பிரிச்சுப் பாக்கறது அனுபவம் உள்ளவங்களுக்கே கஷ்டம். ரெண்டுல ஒண்ணுன்னு சாய்கோடு போட்ட பேர் ஆப்லயே இருக்கு, அதப் போடுங்க, அதுல ஒரு கௌரவக் கொறைச்சலும் இல்ல. போட்டோவ மெர்லின்ல (போட்டோ பாத்து பறவை பேர் சொல்ற ஆப்) போட்டு வந்த முதல் பேரை அப்படியே எழுதுறதும் வேண்டாம், மெர்லின் சொல்றது ஒரு யோசனை, முடிவு உங்களோடது.

மே மாசம் ஒரு வாத்தைப் போட்டீங்கன்னா ஆப் அடையாளம் போட்டுக் காட்டும், இந்தத் தேதிக்கு இது வழக்கம் இல்லைன்னு. பயந்து அழிச்சிடாதீங்க. அதத்தான் நாம தேடிட்டு இருக்கோம். எவ்வளவு தூரத்துல பாத்தீங்க, என்ன நெறம், எதனால வேற பறவை இல்லைன்னு மூணு வரி எழுதுங்க, முடிஞ்சா மங்கலா இருந்தாலும் ஒரு போட்டோ. சரிபாக்குறவங்க எல்லாம் நம்மள மாதிரி தன்னார்வலர்கள் தான், மெயில் வந்தா நம்மள சந்தேகப்படுறாங்கன்னு எடுத்துக்காம பொறுமையா பதில் போடுங்க.

8. நெறம் மாறினதப் பாத்து ஏமாறாதீங்க

ஏப்ரல்ல பறவை பாக்குறதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. குளிர்காலம் பூரா சாம்பலும் பழுப்புமா அடையாளம் தெரியாம இருந்ததெல்லாம் கெளம்புறதுக்கு முன்னாடி கல்யாணத்துக்கு உடுத்துற மாதிரி எறகு மாத்தும். படிச்சு வெச்சது எல்லாம் குளிர்காலத் தோற்றம்ங்கிறதால புதுசா பாக்குறவங்க அரிய பறவை கெடச்சுட்டதா நெனச்சுடுவாங்க.

தங்க உப்புக்கொத்தியை எடுத்துக்குங்க. ஜனவரியில மஞ்சள் கலந்த பழுப்பு, காஞ்ச வயல்ல நின்னா மண்ணாங்கட்டி மாதிரி இருக்கும். மார்ச் கடைசியில வயித்துல அங்கங்க கறுப்புத் திட்டு வரும், மை கொட்டின மாதிரி ஒழுங்கில்லாம. ஏப்ரல் மூணாவது வாரம் சில பறவைக்கு மூஞ்சியிலேர்ந்து வயிறு வரைக்கும் முழுக் கறுப்பு, நெத்தியிலேர்ந்து கழுத்துப் பக்கமா ஒரு வெள்ளைப் பட்டை எறங்கும், முதுகு தங்கப் பொட்டு தெளிச்ச மாதிரி மின்னும். அதே கூட்டத்துல ஒண்ணு பாதி மாறி நிக்கும், ஒண்ணு மாறாமலே நிக்கும். மூணும் ஒரே பறவை தான்.

வளைமூக்கு உள்ளான் செங்கல் நெறத்துக்கு வரும். கருவால் மூக்கனுக்கு கழுத்தும் மாரும் துருப்பிடிச்ச சிவப்பாகும். பழுப்புத்தலை கடற்காகத்துக்கு ஜனவரியில காதுக்குப் பின்னாடி ஒரு பொட்டு மட்டும் தான் இருக்கும், மார்ச்ல தலை பூரா காபி நெறம். கொசு உள்ளானும் சிவக்கும், அதப் பாத்து செங்கழுத்து வகைன்னு எழுதிடுறாங்க. தொண்டையப் பாருங்க, எவ்வளவு சிவந்தாலும் கொசு உள்ளானுக்கு தொண்டை வெள்ளையாத்தான் இருக்கும்.

மீசை ஆலாவுக்கு வயிறு கறுத்து கன்னம் மட்டும் வெள்ளையா நிக்கும். அதோட பறந்து வர்ற வெண்சிறகு ஆலாவும் இந்தக் காலத்துல நம்ம ஊர் வழியாப் போகும், அதுக்கும் உடம்பு கறுப்பு. பிரிச்சுப் பாக்க றெக்கையோட அடிப்பக்கம் பாருங்க: மீசை ஆலாவுக்கு வெளுப்பு, மத்ததுக்கு முன்பாதி கறுப்பு. தலைக்கு மேல வர்ற வரைக்கும் காத்திருந்தா தான் தெரியும்.

இங்கயே இருக்கிற பறவையும் ஏமாத்தும். மடையானுக்கு இந்த மாசங்கள்ல முதுகு அடர்ந்த அரக்கு நெறமாகும், உண்ணிக்கொக்குக்கு தலையும் கழுத்தும் ஆரஞ்சு ஏறும். "புதுக் கொக்கு வந்திருக்கு"ன்னு வருஷா வருஷம் யாராவது எனக்கு போட்டோ அனுப்புவாங்க. மடையான் தான், வேற இல்ல.

ஒரு வேலை கூடச் செய்யுங்க. கூட்டத்துல எத்தனை முழுசா மாறியிருக்கு, எத்தனை பாதி, எத்தனை மாறலைன்னு நோட்டுல எழுதுங்க. பின்னாடி இது தேவைப்படும்.

9. கெளம்புற சாயங்காலத்தப் பாக்கணும்னா

உள்ளான் வகைங்க பெரும்பாலும் சாயங்காலம் கெளம்பும், சூரியன் எறங்குறதுக்குக் கொஞ்சம் முன்ன பின்ன. ராத்திரி பூரா பறக்கிறதுக்கு காத்து குளுமையா அடங்கி இருக்கும். அதனால ஏப்ரல்ல வாரத்துக்கு ஒரு சாயங்காலம் அஞ்சு மணியிலேர்ந்து இருட்டுற வரைக்கும் உக்காருங்க.

கெளம்புறதுக்கும் பயந்து பறக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியணும். பருந்து வந்து கலைஞ்சா கூட்டம் தாழ்வா ஒரு வட்டம் அடிச்சுட்டு அதே சேத்துல இல்லாட்டி பக்கத்துப் பாத்தியில எறங்கிடும். கெளம்பும்போது முதல்ல சத்தம். நான் கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஏப்ரல் சாயங்காலம் பாத்தது, நாப்பது தங்க உப்புக்கொத்தி இருக்கும், அதுவரைக்கும் செதறி மேஞ்சுக்கிட்டு இருந்தது வரப்புல ஒண்ணாக் கூடி எறகு கோதிக்கிட்டு விடாம கூப்புட ஆரம்பிச்சுது. எழும்பி சுத்துச்சு, ஒரு பத்துப் பன்னிரண்டு திரும்ப எறங்கிடுச்சு, மீதி எல்லாம் இன்னும் ஒரு சுத்து, இன்னும் உயரம், அப்புறம் கோணல்மாணலா ஒரு வரிசை பிடிச்சு வடக்கப் பாத்து போயிடுச்சு. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் மேல இருந்து வந்துக்கிட்டே இருந்துச்சு. எறங்கினதுல பெரும்பாலும் இன்னும் பாதி தான் நெறம் மாறியிருந்துச்சு. அடுத்த நாள் காலையில போய் எண்ணினேன், பதினொண்ணு.

கெளம்பப் போற பறவைக்கு இந்த நாட்கள்ல சேக்கிற கொழுப்பு தான் வழிச்சாப்பாடு. போட்டோ எடுக்கணும்னு நாம கிட்டப் போய் ஒரு தடவ கிளப்பி விட்டா அது சேத்து வெச்சதுல கொஞ்சம் வீணாகும், நாலு பேர் நாலு தடவ கிளப்பினா யோசிச்சுப் பாருங்க. சேத்துக்குள்ள எறங்காதீங்க, கரையில உக்காந்து அதுங்களே கிட்ட வர்றதுக்குக் காத்திருங்க. ஆறுமணிக்குருவிக்கு போன்ல சத்தம் போட்டுக் கூப்புடுறதையும் தயவு செஞ்சு விட்டுடுங்க. விடியுற நேரமும் பொழுது சாயுற நேரமும் அதுவே கூப்புடும், பேரே அதனால வந்தது தான்.

கால்ல கலர் வளையமோ கொடியோ இருந்தா மத்த எல்லாத்தையும் விட்டுட்டு அதப் பாருங்க. எந்தக் கால், முட்டிக்கு மேலயா கீழயா, எந்தக் கலருக்கு மேல எந்தக் கலர், எழுத்து இருந்தா என்ன. கோடியக்கரையில பிஎன்எச்எஸ் (பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம்) காரங்க பல வருஷமா வளையம் போட்டுட்டு வர்றாங்க, மத்த நாடுகள்லயும் போடுறாங்க. வெறும் "வளையம் இருந்துச்சு"ன்னா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, கலர் வரிசை மாறினாலும் வேற நாட்டுப் பறவையாப் போயிடும்.

10. கடைசி தேதியை உறுதி பண்றது

ஒரு பறவை இந்த வாரம் இல்ல. உடனே போன வாரம் தான் கடைசின்னு எழுதாதீங்க. அடுத்து மூணு தடவ, முடிஞ்சா நாலஞ்சு நாள் இடைவெளியில போங்க. மூணு தடவயும் முழு லிஸ்ட், அதே நேரம், அதே கரை. மூணுலயும் இல்லைன்னா அப்பத்தான் அது கடைசி தேதி. வாரத்துக்கு ஒரு தடவ போறவங்களுக்கு அந்தத் தேதியில ஒரு வாரம் முன்ன பின்ன இருக்கும், அத மறைக்காம "ஏப்ரல் 12 இருந்தது, 19 இல்லை"ன்னு ரெண்டையும் எழுதி வைங்க.

இப்ப அந்த நோட்டு. பறவை போனது வலசையாலயா, தண்ணி வத்தினதாலயா? மார்ச் கடைசியில ஏரி சுருங்கும், ஆழம் கொறைஞ்சதும் வாத்து பக்கத்து ஏரிக்கு மாறிடும். அதே நேரம் புதுசா சேறு வெளிய வர்றதால உள்ளான் கூடும், அதப் பாத்து "இன்னும் வந்துக்கிட்டே இருக்கு"ன்னு தோணும். மீன் ஏலம் எடுத்தவங்க வலை போடுற வாரமும் பறவை எல்லாம் இடம் மாறும். ஒரு கோடை மழை பெஞ்சா சேறு மூடி ஒரே நாள்ல உள்ளான் காலியாகும். தண்ணி அளவு எழுதி வெச்சிருந்தா இதெல்லாம் பிரிச்சுப் பாக்கலாம், கூடவே பக்கத்துல தண்ணி இருக்கிற இன்னொரு ஏரிய ஒரு தடவ எட்டிப் பாத்துடுங்க. ரெண்டுலயும் இல்லைன்னா சந்தேகம் கொறையும்.

இன்னொரு குழப்பம், போகாமலே இருக்கிறது. உள்ளான் வகையில முதல் வருஷப் பறவைங்க பல திரும்பிப் போறதே இல்ல, இன்னும் ஜோடி சேர வயசாகலை, கோடை பூரா நம்ம கழிவெளியிலயே இருந்துடும். கருவால் மூக்கன் ஒண்ணு ரெண்டு மே கடைசியில நிக்கும். அப்ப கடைசி தேதி எது? இங்க தான் 8ஆவது படியில எழுதின நெறக் கணக்கு உதவும். துருச்சிவப்பா மாறின பறவை கடைசியா இருந்த தேதி ஒண்ணு, மாறாத பறவை இருந்த தேதி ஒண்ணு, ரெண்டையும் தனித்தனியா குறிப்புல போடுங்க.

11. மே, ஜூன்: காலி ஏரிக்கும் போகணும்

மே ரெண்டாவது சனிக்கிழமை உலக அளவுல ஒரு நாள் கணக்கெடுப்பு நடக்கும், அன்னைக்கு நம்ம ஊர்லயும் கொஞ்சம் பேர் வெளிய வருவாங்க. அதுக்கப்புறம் கத்திரி வெயில்ல யாரும் வர்றதில்ல. நீங்க ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவயாவது போங்க, அரை மணி நேரம் போதும். நாமக்கோழி, மடையான், நெடுங்கால் உள்ளான், காக்கா, ஒரு முப்பது வகை வரும், முழு லிஸ்ட்டா போட்டுட்டு வந்துருங்க. கழிவெளியில தங்கிட்ட கருவால் மூக்கன் இருந்தா அதையும் எண்ணிப் போடுங்க.

ஜூன் நடுவுல போட்ட அந்த லிஸ்ட்ல பொரி உள்ளான் இல்லைன்னு இருக்கும். ஜூலை கடைசியில, ஆகஸ்ட் தொடக்கத்துல அதே சேத்து விளிம்புல வாலை ஆட்டிக்கிட்டு ஒரு பொரி உள்ளான் நிக்கும், மேல்பக்கம் எறகெல்லாம் தேஞ்சு, வடக்க வேலைய முடிச்சுட்டு வந்தது. அன்னைக்கு தேதிய எழுதுங்க, ஜூன் லிஸ்ட்டோட சேத்து வைங்க.